கையிலையோ துவக்கிலையோ

ஜெர்மன்காரர், எங்கள் பேச்சில் டொச்காரர், என்னிடம் ஏச்சு வாங்காமல் துவக்குத் திருத்திக்கொண்டு போனதாகச் சரித்திரமே இல்லை. மழையில் நனைந்த துவக்கைத் துடைக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, துருப்பிடித்துவிட்டது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "துடைக்கத் துணி வாங்க உங்கள் ஊரில் கடை இல்லையா?" என்று கேட்பேன். எண்ணெயை அள்ளி ஊற்றியிருந்தால், "இது துவக்கா, பொரிக்கிற சட்டியா?" என்பேன். கடை முதலாளி, நாங்கள் மைஸ்டர் என்று கூப்பிடுகிறவர், முன்னுக்கு நின்று சிரிப்பார். சிலபேர் உன்னிடம் பேச்சு வாங்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரு பகிடி.

பள்ளிக்கூடம் போகிற வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் நான். டார்ம்ஸ்டாட்டுக்குத் தள்ளி, காட்டோரம் கிடக்கிற இந்தச் சின்ன ஊரில், வேட்டைத் துப்பாக்கி, சாமான் விற்கிற கடையொன்றின் பின் பட்டறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, சோதனை பாஸாகி, அங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் சனம் கூடுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்டு, நான் "துவக்குத் திருத்திறன்" என்று சொன்னால் பேச்சு ஒருக்கா நின்றுபோகும். "ஐயோ பிள்ளை, உதுக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தனாங்கள்!" என்று யாராவது ஒரு அக்கா நெஞ்சில் கை வைப்பா. "ஓம் அக்கா, அதுதான் உதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு கழட்டிப் பாக்கிறன்" என்று நானும் விடமாட்டேன்.

இவ்வளவு வாய் உள்ளவள், போன இலையுதிர் காலத்தில் ஒரு மனிசருக்கு ஒரு வசனம் சொல்ல ஏலாமல் நின்றேன். அவருடைய துவக்கில் பிழை இருந்தது. அவருடைய வலது கையிலும் பிழை இருந்தது. துவக்கை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் டொச்காரராக இருந்திருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அண்ணை.

சொந்த அண்ணை இல்லை. மன்னார்ப் பக்கத்து மனிசர், வேதக்காரர், என்னைவிட நல்லாய் மூத்தவர். காட்டில் மரம் வெட்டுகிற கூட்டத்தோடு வேலை செய்து பென்சன் எடுத்தவர். அந்த வேலையில் கூட நின்ற டொச்காரர் ஒருவர்தான் இவருக்கு வேட்டைப் பைத்தியத்தை ஏற்றிவிட்டது. இந்த நாட்டில் வேட்டைக்குப் போவதென்றால் சும்மா இல்லை. மிருகம், மரம், நாய், நோய், சட்டம் எல்லாம் படித்துச் சோதனை எழுத வேண்டும். மற்றவர்கள் பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் அண்ணை அதைப் படித்து, முதல் தரத்திலேயே பாஸாகினார். சனம் சும்மா இருக்குமா? "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவர், இஞ்சை துவக்கோடை பத்தைக்குள்ளை நிக்கிறார்" என்று சிரிப்பு. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு அவர் வீட்டில் காட்டுப்பண்டிக் கறி சாப்பிடுகிற அன்றைக்கு மட்டும் அந்தப் பகிடியை ஒருவரும் சொல்வதில்லை. துவக்கோடு சம்பந்தப்பட்ட தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான் என்றபடியால், இரண்டு பேரும் ஒரு கட்சி மாதிரி ஒட்டிக்கொண்டோம்.

செப்டெம்பர் தொடங்கின நேரம் அண்ணை துவக்குப் பெட்டியோடு பட்டறைக்குள் வந்தார். அந்த டொச் நண்பர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது முறைப்படி இவருக்கு மாற்றிக் கொடுத்த பழைய லீவர் துவக்கு. அதை அவர் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. அந்த விசயத்தில் அவரை ஏசவே ஏலாது.

"தங்கச்சி, ரெண்டாவது வெடி ஏறுதில்லை" என்றார். "முதல் வெடி ஓகே. பிறகு இழுத்தால் நடுவிலை சிக்கிப்போய் நிக்குது. துவக்கிலையோ பிழை, என்ரை கையிலையோ எண்டு விளங்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு, "துவக்கிலைதான் இருக்கும் அண்ணை, கிழட்டுச் சாமான்தானே" என்றேன். கழற்றிப் பார்க்காமல் ஒருத்தருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவருக்குச் சொன்னேன். ஏனென்றால் பெட்டியைத் திறக்க அவர் பட்ட பாட்டை அதற்கு முதலே பார்த்துவிட்டேன். இடது கையால் பெட்டியைத் தூக்கி வந்தார். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. நடக்கும்போது கூட ஆடவில்லை. திறப்பைப் பூட்டுக்குள் விட அவ்வளவு நேரம் எடுத்தது. ஓகஸ்ட்டில் எங்கள் சனத்தின் திருவிழாவில் மாதாவைச் சுமக்கிற கூட்டைத் தூக்கும்போதும், எப்போதும் முன்னுக்கு வலப்பக்கம் தோள் கொடுக்கிறவர், பின்னுக்கு மாறி இடப்பக்கம் நின்றது நினைவுக்கு வந்தது. கண்டும் காணாதது மாதிரித் துவக்கை வாங்கி, முதலில் உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்து, மேசையில் வைத்தேன்.

லீவர் துவக்கென்றால், விசையைச் சுற்றி விரல்கள் போகிற மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும். சுட்டபிறகு அதைக் கீழே தள்ளினால் வெற்றுக் கோது வெளியே பாயும். குழலுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கிற குழாயிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே வழுக்கி வரும். வளையத்தைத் திரும்ப இழுத்தால், உள்ளே ஒரு சின்னத் தட்டு அந்தத் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க, அது சுடுகிற அறைக்குள் போய் இருக்கும். கொண்டுவந்து கொடுக்கிறவன் என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர் அந்தத் தட்டுக்கு டொச்சில் இருக்கிறது. நான் எனக்குள் ஏந்தி என்று சொல்வேன். ஏந்தி நூலளவு பிந்தினால் போதும். குழாயில் நிற்கிற அடுத்த ஆள் பொறுமை கெட்டுப் பின்னால் நுழைந்துவிடுவார். ரெயின் கதவு திறந்ததும் இறங்க விடாமல் ஏறுகிற சனம் மாதிரி, இரண்டும் வாசலில் நெருக்குப்பட்டுத் துவக்கு அப்படியே இறுகிவிடும்.

கழற்றிப் பார்த்தேன். உண்மையாகவே பிழை இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. லீவரின் உள் மூலை ஒன்று கத்தி மாதிரிக் கூராய் இருந்தது. இத்தனை வருசம் திறந்து மூட, அந்த மூலை ஏந்தியின் அடியை அரித்து, நகத்தை வைத்தால் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு குழி. அதனால் ஏந்தி இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இருந்தது. குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளுகிற ஸ்பிரிங்கும் களைத்துப்போயிருந்தது. "கண்டு பிடிச்சிட்டன் அண்ணை!" என்று அன்றைக்கே போன் எடுத்துச் சொன்னேன். "மெய்யே?" என்றார். "மெய்தான்" என்றேன். "அந்தோனியாரே" என்று பெரிய மூச்சு விட்டார். ஒரு துவக்குத் தகட்டுக்கு ஏன் இந்த மூச்சு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

திருத்துவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கூர் மூலையை எமரித்தாளால் கொஞ்சம் கொஞ்சமாய் மழுக்கினேன். இதில் அவசரப்பட்டால் கூடத் தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் திரும்ப வைக்க ஏலாது. ஏந்தியின் குழிக்குள் மெல்லிய உருக்குத் தகடொன்றை வெட்டி வைத்து, ஈயத்தால் பற்றவைத்து, அரத்தால் மட்டம் பார்த்தேன். பூட்டிப் பார்க்கிறது, கழற்றுகிறது, அராவுகிறது, திரும்பப் பூட்டுகிறது. அந்தத் தகட்டோடு மாரடித்ததில் ஒரு கிழமை போனது. குழாயைத் துடைத்து, புது ஸ்பிரிங் போட்டு, சுடுகிற களத்துக்குக் கொண்டுபோய் நானே சுட்டுப் பார்த்தேன். மெதுவாய் இழுத்தேன், கெதியாய் இழுத்தேன், மைஸ்டர் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து இழுத்தேன். ஒரு தோட்டா சிக்கவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருக்கிறது. நானே போட்ட சட்டம். துவக்கு எடுக்க வருகிறவர், என் கண் முன்னால் குழாய் நிறையப் பொய்த்தோட்டா போட்டு, தானே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோகலாம். பொய்த்தோட்டாவென்றால் மருந்தில்லாதது, பழகுகிறதற்கென்று செய்தது. ஏன் இந்தச் சட்டமென்றால், லீவர் துவக்கில் பாதிப் பிழை இழுக்கிற ஆளில்தான் இருக்கும். துவக்குக்கு நோகும் என்று நினைக்கிற மாதிரி லீவரை அரைவாசி தள்ளித் திருப்புவார்கள். தோட்டாவும் அரைவாசி வந்து நிற்கும். "அரை மனதோடு தள்ளினால் துவக்கும் அரை மனதோடுதான் வேலை செய்யும்" என்று அவர்களைப் பிடித்து ஏசுவேன்.

துவக்கு எடுக்க வந்த அன்றைக்கு அண்ணையும் இழுத்தார். முதல் தோட்டா ஏறியது. அடுத்த தரம் லீவர் முக்கால்வாசி போய், அவர் அறியாமலே திரும்பியது. தோட்டா நடுவில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். துவக்கை மேசையில் வைத்தார். மேசையில் கிடந்த வலது கையில் பெருவிரல் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது, செபமாலை உருட்டுகிற மாதிரி. அதையும் அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சொல்ல வேண்டிய வசனம் நாக்கு நுனியில் நின்றது. டொச்சில் தினமும் சொல்கிற வசனம்தான். தமிழில் அது வரவில்லை. ஏலாது என்கிற சொல்லை நாங்கள் எங்களைப் பற்றித்தான் சொல்லலாம். "எனக்கு ஏலாது பிள்ளை" என்று அவர் சொல்லலாம். அவரைப் பார்த்து "உங்களுக்கு ஏலாது" என்று நான் சொன்னால், அது கன்னத்தில் அடிக்கிறதற்குச் சமம். அதுவும் வயதில் இளைய ஒரு பொம்பிளை, அண்ணை என்று கூப்பிட்ட வாயால்.

"புதுசாப் போட்ட தகடு அண்ணை, கொஞ்சம் இறுக்கம் இருக்கும். பழகப் பழகச் சரிவரும்" என்றேன்.

"அப்ப கையிலை இல்லை?"

"சீச்சீ, என்ன கதை இது!"

அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. சிக்கிய தோட்டாவை நான் எடுத்துக் கொடுக்க, பகிடி விட்டுக்கொண்டு துவக்கைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை நான் பூட்டிக் கொடுத்தேன். முன்னுக்கிருந்து மைஸ்டர், "அவர் இழுத்துக் காட்டினாரா?" என்று கேட்டார். "காட்டினார்" என்றேன். அதுவும் பொய்யில்லைதானே. அப்படித்தான் அன்றைக்கு முழுக்க என் மனதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து டார்ம்ஸ்டாட் தமிழ்க்கடையில் அண்ணையின் மனைவியைக் கண்டேன். நான் முருங்கைக்காய் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டா.

"நீங்கள் நல்லா இருக்க வேணும் பிள்ளை. நீங்கள் துவக்கிலைதான் பிழையெண்டு சொன்ன பிறகுதான் மனிசனுக்கு உயிர் வந்தது. நரம்பு டொக்டரிட்டை எடுத்த டெர்மினையும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்."

"என்ன டெர்மின் அக்கா, எதுக்கு நாள் குறிச்சவை?"

"வீட்டு டொக்டர் இவற்றை கையைப் பாத்திட்டு, நரம்பு டொக்டரிட்டைப் போ எண்டு அனுப்பினவர். வசந்தத்திலை கேட்டது, இப்பதான் கிடைச்சது. இவர் பயத்திலை நித்திரை இல்லை. சட்டைப் பொத்தான் பூட்டக் கஸ்டம், கோப்பை தடுக்குது, வேட்டையிலையும் வெடி சிக்குது. எல்லாம் ஒண்டோ எண்டு பயந்தவர். நீங்கள் சொன்னாப் பிறகு, துவக்குத்தானாம், கையிலை ஒண்டுமில்லையாம், தங்கச்சி சொன்னவ எண்டு துள்ளிக் குதிக்கிறார்."

முருங்கைக்காய் என் கையில் இருந்தது. இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அண்ணையின் முகத்துக்கு நேரே சொல்லவும் தேவையில்லை, அக்காவிடம் சொன்னால் போதும். அக்கா, அந்த டெர்மினை விடவேண்டாம், நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று. அக்காவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தேன்.

"நல்லது அக்கா" என்று சொன்னேன். அட பாவி, அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து முருங்கைக்காயைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு இருந்தேன். நாளைக்குப் போன் எடுப்போம் என்று நினைத்தேன். அடுத்த நாள் வேலை. அதற்கடுத்த நாளும் ஏதோ ஒன்று. போன் எடுத்து என்ன சொல்கிறது? உங்களுக்கு ஏலாதென்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சிரித்தேன் என்றா? ஒவ்வொரு நாள் பிந்தப் பிந்த அந்த வசனம் இன்னும் நீளமாகிக்கொண்டு போனது. நான் பிந்தினதுக்கும் சேர்த்து ஒரு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

நவம்பரில் பெரிய வேட்டை. ஆட்கள் வரிசையாய்ப் பத்தைக்குள் நடந்து பண்டிகளைக் கிளப்பிவிட, மற்றவர்கள் அங்கங்கே காவல் நின்று சுடுவார்கள். பகல் வேட்டை. பண்டி ஓட்டத்தில் வரும் என்றபடியால் இரண்டாவது வெடி கட்டாயம் வேண்டும். முதல் வெடி பிழைத்தால் காயப்பட்ட மிருகத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். அது வேட்டைக்காரரின் முதல் கடமை என்று சோதனையிலேயே கேட்பார்கள். அன்றைக்கு எனக்குப் பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம், அடுத்த வெடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

நத்தாருக்குக் கிட்ட அண்ணை திரும்ப வந்தார். பெட்டியைத் தானே திறக்கவில்லை, என்னிடம் திறப்பைத் தந்தார்.

"திரும்பவும் ஏறேல்லை" என்றார்.

கதிரையில் இருத்தினேன். இருந்துகொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். இளம் பண்டியொன்று குறுக்கே ஓடியது. முதல் வெடி பின் காலுக்குப் பட்டது. அது திரும்பி ஒருக்கா இவரைப் பார்த்தது. இவர் லீவரை இழுத்தார், சிக்கியது. தள்ளினார், சிக்கியது. பண்டி மூன்று காலில் இழுபட்டுக்கொண்டு முள்ளுப் பத்தைக்குள் போனது. நாய்க்காரர் வந்து இரத்தத் தடம் பிடித்துப் போய் அடுத்த நாள் மத்தியானம்தான் கண்டு பிடித்தார்.

"உயிரோடை கிடந்தது தங்கச்சி" என்றார். "ராமுழுக்க அந்தக் குளிருக்குள்ளை உயிரோடை கிடந்திருக்கு."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் நிறைந்தது. துவக்கை எடுத்தேன். உள்ளே பார்த்தேன். நான் வைத்த தகடு வைத்த மாதிரியே இருந்தது. குழாய் நிறையப் பொய்த்தோட்டா போட்டு இழுத்தேன். எல்லாம் ஏறி, எல்லாம் வெளியே விழுந்தது. "திரும்ப ஒருக்கா" என்றார். திரும்ப இழுத்தேன். எல்லாம் ஏறியது. தோட்டாக்கள் மேசையில் உருண்டு நின்றன.

"துவக்கிலையோ, தங்கச்சி?"

நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் என் வாய் என்ன சொல்லத் தொடங்கியது தெரியுமா? "அண்ணை, குளிருக்கு எண்ணெய் இறுகினால் சிலவேளை..." என்று தொடங்கினேன்.

அவர் இடது கையை உயர்த்தினார்.

"டொச்சிலை சொல்லுங்கோ."

"என்ன அண்ணை?"

"முன்னுக்கு வாற ஆக்களுக்குச் சொல்லுவியளே, அப்பிடிச் சொல்லுங்கோ. நான் வெளியிலை நிண்டு கேட்டிருக்கிறன். அண்ணை எண்டு கூப்பிடாமல் சொல்லுங்கோ."

நான் நிமிர்ந்தேன். ஏப்பிரனில் கையைத் துடைத்தேன். அவருடைய குடும்பப் பெயருக்கு முன்னால் ஹெர் என்று போட்டு, மற்ற வாடிக்கையாளரோடு கதைக்கிற அதே குரலில் டொச்சில் சொன்னேன். "துவக்கில் பிழை இல்லை. நீங்கள் லீவரை முழுக்கத் தள்ளுவதில்லை. உங்கள் வலது கையால் அது முடியவில்லை. செப்டெம்பரில் இந்த மேசையிலேயே அதைப் பார்த்தேன். நீங்கள் டொக்டரிடம் போக வேண்டும். இந்தக் கையோடு இனி வேட்டைக்குப் போகக்கூடாது."

எங்கேயும் தடக்குப்படாமல் வந்தது. அவ்வளவு லேசாக வந்ததுதான் எனக்கு இன்றுவரைக்கும் தாங்க முடியாமல் இருக்கிறது.

அவர் தலையை ஆட்டினார். டொச்சிலேயே நன்றி சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "இனித் தமிழிலை ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றார். நான் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இடது கையால் வாங்கினார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. டெர்மினை விட்டது எனக்குத் தெரியும். அக்கா சொன்னவ. தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டன்."

"எனக்கும் தெரியும் பிள்ளை" என்றார். "பக்கத்து ஊரிலையும் துவக்குத் திருத்திற டொச்காரன் இருக்கிறான். அவனிட்டைக் கொண்டு போயிருந்தால் பாத்த உடனை சொல்லிப்போடுவான். நீங்கள் சொல்லமாட்டியள் எண்டுதான் உங்களிட்டை வந்தனான்."

அது எனக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆறுதலாக இல்லை. பயந்துபோன ஒரு மனிசர், பொய் சொல்லக்கூடிய ஆள் யாரென்று தேடி, சரியாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார். அதை நினைக்க எனக்கு என்மேலேயே விசர் வந்தது.

அந்த நத்தாருக்கு அவர்கள் வீட்டில் கோழிக்கறி. ஒருவரும் பண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

புது டெர்மின் கிடைக்க வசந்தம் ஆகிவிட்டது. போய் வந்த அன்றைக்கு அக்கா போன் எடுத்தா. நடுக்குவாதமாம், பார்க்கின்சனாம். மருந்து தொடங்கியாச்சாம். மாற்ற ஏலாது, ஆனால் கட்டுப்படுத்தலாமாம். "ஏன் முந்தியே வரேல்லை, எவ்வளவு காலம் சும்மா கஸ்டப்பட்டிருக்கிறியள் எண்டு டொக்டர் கேட்டவர். இவர் என்ன சொன்னவர் தெரியுமே? துவக்குப் பழுதெண்டு நினைச்சிட்டன் எண்டு! டொக்டர் விழுந்து விழுந்து சிரிச்சவராம்." அக்காவும் போனில் சிரித்தா. செப்டெம்பரில் நான் கண்டதை அண்ணை அவவுக்குச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்து வைத்திருக்கிறார். "நல்ல பகிடிதான் அக்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

துவக்கை எங்கள் கடையிலேயே விற்கத் தந்தார். ஒரு இளம் டொச்காரன் வாங்கினான். என் சட்டப்படி பொய்த்தோட்டா போட்டு இழுத்துக் காட்டினான். எல்லாம் ஏறியது. இதில் ஏதாவது பிழை இருந்ததா என்று கேட்டான். இருந்தது, திருத்தியாச்சு என்றேன்.

இந்த ஓகஸ்ட்டிலும் மாதா திருவிழாவுக்குப் போனோம். வெயிலில் சனம் நிறைந்து நின்றது. கூடு தூக்க ஆட்கள் தோளுக்குத் துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு தயாராகினார்கள். அண்ணை ஓரமாய் ஒரு கதிரையில் இருந்தார். வலது கை சட்டைப் பைக்குள். நான் கிட்டப் போய் நின்றேன். கையை வெளியே எடுத்து விரித்து எனக்குக் காட்டினார். கை ஆடியது. முந்தியை விடக் கூடவோ குறையவோ என்று பார்க்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

"மருந்துக்கு இப்ப நல்ல பரவாயில்லை, என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை, நல்ல பரவாயில்லை" என்றேன். அவர் வாயை மூடவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். கோபமில்லை. கையைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாதாவைப் பார்த்தபடி மெதுவாய்ச் சொன்னார்.

"டொச்சிலை சொல்லுங்கோ."

கூட்டைத் தூக்கினார்கள். சனம் எழும்பியது. பக்கத்தில் நின்றவர்கள் பாடத் தொடங்கினார்கள். நான் அவருடைய கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு டொச்சில் ஒரு சொல்லும் வரவில்லை.